எங்கார்னாவின் விரல் முட்டிகள்

“காந்தோ...” என்று ஆரம்பித்த எங்கார்னா அதோடு நின்றுவிட்டாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. எங்கள் ஸ்பெயின் தேசத்துக் காடிஸ் நகரத்தில் ஒரு பெண்பிள்ளை வாய் திறந்தும் சத்தம் வராமல் நின்றது சரித்திரத்தில் அன்றுதான் முதல் தடவை. கடற்காக்கைகள்கூட என்னவோ ஏதோவென்று ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தன.

ஸ்பானிஷில் ‘பாடு’ என்ற வினையை நான், நீ, அவள் என்று தொடங்கி ‘அவர்கள்’ வரை ஆறு படி ஏற்றிக் காட்ட வேண்டும். எங்கள் முதியோர் பள்ளியில் அவ்வளவுதான் பரீட்சை. முப்பது வருஷமாகச் சந்தையில் ஐஸில் கை விட்டு மீன் கழுவுகிறவள் எங்கார்னா. பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை தயார். வெதுவெதுப்பான அடுப்படி. ஆனால் திங்கட்கிழமைக்குள் படிப்புச் சான்றிதழ் காட்டியாக வேண்டும்.

அவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. கார்னிவல் பாட்டுக் கோஷ்டி அவள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கொட்டகையில்தான் ஒத்திகை பார்க்கும். அதைக் கேட்டுக் கேட்டு, மேசையில் விரல் முட்டியால் தாளம் போடாமல் அவளுக்கு எதுவுமே மனதில் ஏறாது. வீட்டு விலாசம் கேட்டால்கூடத் தட்டித்தான் சொல்லுவாள். அன்றைக்கும் தட்டித்தான் ஆரம்பித்தாள். செவில் நகரத்திலிருந்து வந்திருந்த பரீட்சை அதிகாரி, எங்கள் தேவாலயத்தையே பெருக்கிவிடக் கூடிய மீசைக்காரர், பேனாவைத் தூக்கினார்.

“அம்மா, மேசையைத் தட்டக் கூடாது.”

“தட்டாம எப்படிங்கய்யா சொல்றது?”

“வாயால சொல்லுங்க.”

வார்த்தை வரவில்லை. ஐஸில் ஊறி வீங்கிய முட்டிகளை அவள் மடியில் ஒளித்துக்கொண்டாள். என்னால் பார்க்க முடியவில்லை. கப்பல் பட்டறையில் நாற்பது வருஷம் சுத்தியல் பிடித்த கை இது, சும்மா இருக்குமா? மெல்ல, நிஜமாகவே மெல்ல, என் மேசையில் ஒரு தட்டு தட்டினேன். சுவரில் இருந்த வரைபடம் கீழே விழுந்தது.

“யாரது? எல்லாரும் கையைத் தலைமேல வைங்க!”

வைத்தோம். ஒன்பது கிழடுகள், தலையில் கை. அவளுக்கடுத்த பரீட்சை என்னுடையது. நான் தேறாமல் போனால் என் பெண்டாட்டி இன்னொரு வருஷம் சிரிப்பாள்.

“ஃபெர்மின், எனக்காக நீ ஃபெயிலாகாதய்யா,” என்றாள் எங்கார்னா, திரும்பாமலே.

“நான் ஃபெயிலாகிப் பழக்கப்பட்டவன்டி. நீ சொல்லு.”

கையைத்தானே தூக்கச் சொன்னார்? என் செருப்பு தரையைத் தட்டியது. பக்கத்தில் ரொசாரியோவின் செருப்பு. அப்புறம் முழு வரிசையும். டீச்சர் அம்பாரோ ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவருடைய குதிகாலும் சும்மா இல்லை. தரை அதிர்ந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் பதிலுக்கு ஊதியது என்பேன், நம்பாவிட்டால் போங்கள்.

எங்கார்னாவின் முதுகு நிமிர்ந்தது.

“காந்தோ, காந்தாஸ், காந்தா! காந்தாமோஸ், காந்தாய்ஸ், காந்தான்!”

யாரும் கேட்காமலே அடுத்த வினைக்குத் தாவினாள். ‘கழுவு’. அப்புறம் ‘வாங்கு’. அப்புறம் ‘ஆடு’. அவளை நிறுத்த ராணுவம் வர வேண்டியிருந்தது.

மீசைக்காரர் முகத்தில் ஈ ஆடவில்லை. அவளுடைய தாளை முன்னால் இழுத்தார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே பேனா அந்தரத்தில் நின்றது. நாங்கள் கையைத் தலையில் வைத்தபடியே எட்டிப் பார்த்தோம். கால்களும் நின்றுவிட்டன. அந்த நிசப்தத்தில் பேனாவின் நுனி தாளில் இறங்கியது. டக். கொஞ்சம் யோசித்து, மறுபடி டக், டக். எங்கள் செருப்புகள் போட்ட அதே தாளம்.