நல்லாத்தானுங்க இருக்குது

காலையிலிருந்து எல்லோரும் உஸ்மாவைப் பாராட்டிக்கொண்டே இருந்தார்கள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பாராட்டுக்கு யாராவது பயப்படுவார்களா என்று கேட்காதீர்கள், விஷயம் இப்படி. கோவை கணபதியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி, நூற்பாலை இயந்திரங்களை ஓட்டும் கம்ப்யூட்டர்களைச் செய்கிறது. மில்லுக்குள் இன்டர்நெட் கிடையாது. சந்தேகம் வந்தால் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கையேட்டைத் திறந்து படித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கையேடு உஸ்மா செய்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் இல்லை, மவுஸ் இல்லை, எல்லாம் கீபோர்டுதான். ஆனால் தட்டினால் உடனே திறக்கும், கேட்டதை நொடியில் எடுத்துக் கொடுக்கும். தங்கமான வேலை! புதிதாகக் கையேட்டுக்குள் போகிறவருக்கு வெளியே வரத் தெரியுமா என்பதுதான் அவள் கவலை. மறுநாள் தாராபுரம் மில்லுக்குக் கம்ப்யூட்டர்களை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்புகிறது. அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

அந்த மில்லிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த சூப்பர்வைசர் சென்னியப்பனிடம் கேட்டாள்.

"எங்கயாச்சும் சிரமமா இருந்துச்சுங்களாண்ணா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி. நல்லாத்தானுங்க இருக்குது."

"ஒரு குறைகூடவா இல்லீங்க?"

"இத்தன பாடுபட்டுச் செஞ்சிருக்கீங்க. குறை சொன்னா நல்லாருக்குங்களா?"

முதலாளி ரவிதேஜா எட்டிப் பார்த்தார். "பாத்தவங்க அத்தன பேரும் நல்லாருக்குன்னு சொல்லிப்போட்டாங்க. அப்புறமென்ன அம்மணி, கண்ணு பட்டுருமுன்னு பயமா? பேக் பண்ணிரலாம்."

வேறொருத்தியாக இருந்தால் சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள். உஸ்மா கெட்டிக்காரி. விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று நம் ஆட்கள் வாய் திறப்பார்களா? மாட்டார்கள். ஆனால் பக்கத்து இலைக்காரருக்கு மட்டும் ஊறுகாயைத் தள்ளி வைப்பார்கள். அது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

அதே மில்லில் புதிதாகச் சேர்ந்த நவ்யாவும் பயிற்சிக்கு வந்திருந்தாள். உஸ்மா அவளைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, நவ்யாவுக்கு இத நீங்களே சொல்லிக் குடுத்துருங்க. நான் ஓரமா நிக்கறேன். வாயே தொறக்க மாட்டேன்."

சென்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆளே மாறிவிட்டார்.

"இங்க பாரு கண்ணு. இந்தக் கோடு போட்ட எழுத்து மேல நின்னு என்டர அமுக்கிப்போடாத. வேற பக்கத்துக்கு இழுத்துட்டுப் போயிரும். பொறவு திரும்பி வர்றதுக்கு வழியே இல்ல."

"ஐயோ, அமுக்கிப்போட்டேனுங்க!"

"போச்சு போ!"

"இப்ப எப்படிங்க வெளிய வாரது?"

சென்னியப்பன் உஸ்மாவைத் திரும்பிப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். பாவம், அந்தப் பெண் மாட்டிக்கொண்டு முழிக்கிறாளே! மேஜைக்கு அடியில் குனிந்தார்.

"எனக்குத் தெரிஞ்ச வழி இதான் கண்ணு."

பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

திரை இருண்டது. மில்லில் இப்படிப் பிடுங்கினால் இயந்திரம் நின்று, ஓடுகிற நூல் அத்தனையும் அறுந்துபோகும். ரவிதேஜாவின் முகம் வெளுத்தது.

"ஏனுங்க, காலைலயும் இப்படித்தான் வெளிய வந்தீங்களா?" என்று கேட்டார்.

"அம்மணி டீக்குப் போயிருந்தப்பங்க. சொன்னா மனசு நோகுமேன்னு மறுக்காச் சொருகிப்போட்டேன்."

உஸ்மாவுக்குக் கோபம் வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கை கொட்டிச் சிரித்தாள். "நீங்க நல்லாருக்கோணுமுங்கண்ணா!"

"லாரிக்காரங்கிட்ட நான் பேசிக்கறேன், நாளைக்கு வேண்டாம்," என்றார் ரவிதேஜா. "நீ சரி பண்ணு அம்மணி."

சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலும் தமிழில் ஒரு வரி ஏறிவிட்டது: வந்த பக்கத்துக்குத் திரும்ப எந்தப் பட்டன், வெளியே போக எந்தப் பட்டன் என்று. நவ்யா உள்ளே போனாள். வேண்டுமென்றே கோடு போட்ட எழுத்தில் அமுக்கினாள். கீழே பார்த்தாள், திரும்பினாள், வெளியே வந்துவிட்டாள்.

சென்னியப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மணி. எழுத்து கொஞ்சம் பொடிசுங்க. தேடுறதுக்கு எங்க தட்டோணும்னும் தெரியல. அப்புறம் அந்த முதப் பக்கம் இருக்குது பாருங்க..."

"இருங்கண்ணா, இருங்க," என்று உஸ்மா தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.