திட்டு வாங்குகிற வேலை

அந்தத் திரைச்சீலைக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வாங்கிப்போனவர் யாராவது கோபமாகப் படியேறி வந்தால், முதலாளி உடனே உள்பக்கம் திரும்பி, தையல் மெஷினில் இருக்கும் ஒருத்தியைக் கூப்பிட்டு, வந்தவர் முன்னாலேயே வறுத்தெடுப்பார். வந்தவருக்கே மனசு கேட்காது. பாவம், விடுங்கள் என்று சொல்லிவிட்டு, சரிசெய்து தந்தால் போதுமென்று போய்விடுவார். அப்புறம் முதலாளி உள்ளே வந்து, எல்லாம் சும்மா நடிப்பு, மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சிரிப்பார். கெட்ட மனுஷன் இல்லைதான். ஆனால் திட்டு வாங்குகிறவளுக்கு அது நடிப்பாகவா இருக்கும்?

அதற்கு வாகாக அமைந்தவள் அண்ணி. வாயில்லாப்பூச்சி. அவளை அங்கே சேர்த்துவிட்டது, அவளை அண்ணி என்று கூப்பிடுகிற நாத்தனார். பக்கத்து மெஷின் இவளுடையது. அவர் திட்டினால் தலையைக் குனிந்துகொள்ளுங்கள், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று முதல் நாளே பாடம் சொல்லிக்கொடுத்தவளும் இவளேதான். அண்ணியும் குனிந்து குனிந்து பழகியிருந்தாள்.

ஒருநாள் அப்படிப் படியேறி வந்தது வேறு யாருமில்லை, அண்ணி மகளின் வகுப்பு டீச்சர். வீட்டு ஹாலுக்குத் தைத்த திரைச்சீலைகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் நாலு விரல் குட்டை. டீச்சர் வீட்டு ஸ்கிரீன் எங்கம்மா தைத்தது என்று அந்தப் பெண் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள். டீச்சரின் குரலைக் கேட்டதும் அண்ணியின் முகம் செத்துப்போயிற்று. இன்றைக்கு மட்டும் என்னைக் கூப்பிடக் கூடாது என்று அவள் முணுமுணுத்தது நாத்தனாருக்குக் கேட்டது.

கூப்பிட்டார்.

இத்தனைக்கும் அளவெடுத்தது யார் தெரியுமா? சாட்சாத் முதலாளியேதான். வழக்கமாக வீடுகளுக்குப் போய் அளக்கிறவர் லீவு போட்டதால் இவரே கிளம்பிப் போனார். கடை திறந்த நாளில் வாங்கிய துணி டேப் ஒன்று அவர் கழுத்திலேயே தொங்கும். ராசியான டேப்பாம். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று உள்ளே பெண்கள் கேலி பேசுவார்கள். இழுத்து இழுத்து அது நீண்டுபோய், எதை அளந்தாலும் குறைத்துத்தான் காட்டும். இது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஒருத்திக்கும் வாய் வரவில்லை.

முதலாளி ஆரம்பித்தார். கவனமில்லை என்றார், கண் எங்கே இருந்தது என்றார். டீச்சரோ இரக்கப்படவில்லை. இவ்வளவு அலட்சியமா என்று அண்ணியை ஒரு பார்வை பார்த்தார். நடிப்பு எடுபடவில்லை என்றதும் முதலாளி ஒரே போடாகப் போட்டார்: "நாளையிலேருந்து இவளுக்கு இங்க வேலை இல்லைங்க."

குனியுங்கள் அண்ணி, சாயங்காலம் அவரே சமாதானத்துக்கு வருவார் என்று நாத்தனார் மனசுக்குள் கெஞ்சினாள்.

அண்ணி குனியவில்லை. கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டாள்.

"தச்சது நான்தாங்க டீச்சர். குடுத்த அளவுக்குத் தச்சேன். அளவெடுத்தது நான் இல்ல. என் தப்பா இருந்தா உங்க வீட்டுக்கே வந்து மன்னிப்பு கேட்டிருப்பேன். நான் செய்யாத தப்புக்கு, என் பொண்ணோட டீச்சர் முன்னாடி தலைகுனிய மாட்டேன்."

அடேயப்பா, இந்த வாய் இத்தனை நாள் எங்கே இருந்தது! நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை, வெட்கமும் தாங்கவில்லை. இவளுக்கா குனியச் சொல்லிக்கொடுத்தோம்?

அப்படியானால் அளந்தது யார் என்று டீச்சர் கேட்டார். அண்ணி முதலாளியின் கழுத்தைப் பார்த்தாள். நாத்தனார் எழுந்து போய்ப் புது டேப் ஒன்றை மேசையில் விரித்தாள்.

"உங்களோடத இது பக்கத்துல வையுங்க முதலாளி."

வைத்தார். ராசியான டேப் புதுசைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. முதலாளியின் காது சிவந்தது. அளந்தது தான்தான் என்றும், தன் செலவிலேயே புதிதாகத் தைத்துத் தருவதாகவும் மென்று விழுங்கிச் சொன்னார். டீச்சர் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டார். புதுத் திரைச்சீலைகளையும் அவளே தைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து முதலாளி உள்ளே வந்து நின்றார். வேலை இல்லை என்று சொன்னதுகூடச் சும்மா நடிப்புதான் என்று பழைய சிரிப்பைச் சிரிக்கப் பார்த்தார்.

அண்ணி ஊசியில் நூல் கோத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நடிப்புதானே, சரிங்க முதலாளி. அடுத்த தடவை யாராவது கோவமா வந்தா நீங்க தலைகுனிஞ்சு நில்லுங்க. நான் திட்டறேன்."

அதற்கப்புறம் அந்தக் கடையில் திட்டுவதற்கென்று யாரையும் உள்ளேயிருந்து கூப்பிடவில்லை.