முன் சீட்டுக்கு எத்தனை பேர்?

ராட்டினக்காரருக்கு மண்டை காய்ந்துபோயிருந்தது. பழைய பிக்அப் வண்டி போன மாதம் ஒரு மேட்டில் புகையைக் கக்கிவிட்டு உயிரை விட்டது. மரக்குதிரை ராட்டினத்தை ட்ரெய்லரில் ஏற்றி, பொருட்காட்சி பொருட்காட்சியாக இழுத்துப் போய்ப் பிழைக்கிற மனுஷன், வண்டி இல்லாமல் என்ன செய்வார்? கிளம்பினால் திரும்ப எட்டு மாதம் ஆகும். மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். இந்த முறை மனைவிக்கு வெறும் வீடுதான் துணை. அதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டால்தானே!

மனைவியோடு போன வண்டிக் கடையில் இரண்டு டீசல் பிக்அப்புகள் பளபளவென்று நின்றன.

“இது இருநூறு குதிரைத்திறன் சார்,” என்றார் விற்பனைக்காரர்.

“குதிரை என்கிட்டயே பன்னண்டு இருக்கு தம்பி. அதை இழுக்குமா, அதைச் சொல்லு.”

“இழுவைக்குக் குதிரைத்திறன் முக்கியமில்ல சார், டார்க்குன்னு சொல்ற சுழற்று விசைதான் முக்கியம். அது அந்த வண்டியில அதிகம்.”

“அப்புறம் எதுக்குய்யா குதிரையைச் சொன்ன?”

மனைவியின் தம்பி லாரி ஓட்டுகிறவர். அவருக்குப் போன் போட்டால் அவர் வேறு குட்டையைக் குழப்பினார். “இழுக்கிறதை விடுங்க மச்சான். இறக்கத்துல ட்ரெய்லர் பின்னாலேர்ந்து தள்ளும்போது பிரேக் பிடிக்குமா, அதைக் கேளுங்க.”

கேட்டார். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும், அது இருந்தால் இரண்டு வண்டியும் தாராளமாக இழுக்கும் என்று பதில் வந்தது. இரண்டும் இழுக்குமென்றால் எதை வாங்குவது? மனுஷன் திருதிருவென்று விழித்தார்.

மனைவியோ எப்போதோ ஒரு வண்டியில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னங்க, இந்த சீட்டு பின்னால சாயுமா?”

“டார்க்குன்னா என்னன்னே புரியாம நான் முழிக்கிறேன். உனக்கு சீட்டுதான் இப்ப ரொம்ப முக்கியம்!”

விற்பனைக்காரர் கால்குலேட்டரை எடுத்தார். “உள்ள ஏறுறவங்க எடையையும் சேர்க்கணும் சார். எத்தனை பேர் போவீங்க?”

“ஒருத்தன்தான்,” என்றார் அவர்.

“ரெண்டு பேர்,” என்றாள் அவள், அதே மூச்சில்.

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாருமில்லை. “யாருடி ரெண்டாவது ஆளு?”

“கல்யாணமான நாள்லேர்ந்து அந்தக் குதிரைங்களைத்தான் ஊர் ஊராக் கூட்டிட்டுப் போறீங்க. அந்த வீட்டுல இனிமே நான் யாரோட பேசுறது, சுவரோடயா? எனக்குப் பயமா இருக்குங்க. நானும் வரேன். டிக்கெட் நான் கிழிக்கிறேன்.”

அவள் குரல் உடைந்தது. விற்பனைக்காரர் குனிந்து டயரைப் பார்க்கத் தொடங்கினார். இது தனக்குத் தோன்றவே இல்லையே என்று ராட்டினக்காரருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இத்தனை வருஷமாக வாயில்லாத மரக்குதிரைகளோடு சுற்றியிருக்கிறோம்!

“தம்பி,” என்றார் மெதுவாக. “ரெண்டும் இழுக்கும்னு நீயே சொல்லிட்ட. ஓடும்போது உள்ள பேசினா காது கேக்கிற வண்டி எது?”