செருப்புக்கடை வந்ததும் கடக்க வேண்டும்

எங்கள் திருச்சபையின் மேடைத் திரை தரையைத் தொடாது. ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிடும். நாடகம் தொடங்கும் முன் திரைக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த ஒரு சாண்தான் என் மனைவியையும் என் அக்காவையும் பிரித்து வைத்திருந்தது.

விவரத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி தையல்காரி. திரையைத் தைத்தவள் அவள். என் அக்கா சலவைக்கடை வைத்திருக்கிறாள். திரையை முதல் தடவை துவைத்தவள் அவள். துவைத்து மாட்டிய அன்று திரை சுருங்கி மேலே ஏறி நின்றது. துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினால் இப்படித்தான் ஆகும் என்றாள் அக்கா. பருத்தியை வெந்நீரில் போட்டால் வேறு எப்படி ஆகும் என்றாள் என் மனைவி. இரண்டையும் போதகருக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டார்கள். அதோடு பேச்சு நின்றது.

நான் லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களில் மேலும் கீழும் போய்வருவது என் பிழைப்பு. அதன்பின் குடும்பத்திலும் அதே வேலை கிடைத்தது. "உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க" என்று இங்கிருந்து ஒன்று போகும். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வை" என்று அங்கிருந்து ஒன்று வரும். முன்பெல்லாம் இருவரும் சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் அக்காவின் இஸ்திரி மேஜை ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ஊர்க்கதை அத்தனையையும் பேசித் தீர்ப்பார்கள். இப்போது என் மனைவி வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்றுகொண்டே டீயைக் குடித்து முடித்துவிடுவாள். வருத்தமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. உட்காராததைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டேன்.

இனி பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். சபையின் பின்னறையில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை என் மனைவிதான் எடுக்கிறாள். அந்த மாதப் பாடம் சீடத்துவம். படங்களைத் துணியில் வெட்டி, பலகையில் ஒட்டி, பிரமாதமாகத் தயார் செய்திருந்தாள். பிள்ளைகளோ கொட்டாவி விட்டார்கள். அதில் ஒருவனுக்குப் பெயரே தூங்குமூஞ்சி. அவனை விட்டுவிடலாம். மற்றவர்களும் நெளிந்தார்கள். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் வக்கீல் என்று நாங்கள் கூப்பிடும் பையன் கையைத் தூக்கினான். சீடர்களுக்கு வகுப்பு எங்கே நடந்தது, பலகை இருந்ததா, பரீட்சை உண்டா என்று அடுக்கினான். பலகையும் இல்லை, பரீட்சையும் இல்லை என்று என் மனைவி சொன்னாள். இயேசு நடந்தார், அவர்கள் பின்னால் நடந்தார்கள். அவர் யாரோடு சாப்பிட்டார், யாரைத் தொட்டார், யாருக்காக நின்றார் என்று கூடவே இருந்து பார்த்தார்கள். பார்த்ததைச் செய்தார்கள், அவ்வளவுதான் என்றாள்.

"அப்போ நாங்க யார் பின்னாடி போறது டீச்சர்?" என்றான் வக்கீல்.

அவரைத்தான் பின்பற்ற வேண்டும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவரைக் கண்ணால் பார்க்க முடியாதே, பார்க்காமல் எப்படிப் பார்த்ததைச் செய்வது என்று அவன் விடவில்லை. மாட்டிக்கொண்ட மனைவி, பழகிப் பார்ப்பதற்காக இந்த ஒரு வாரம் தன் பின்னால் வரும்படி சொல்லிவிட்டாள். கதவுக்கு வெளியே விளக்கு மாற்றிக்கொண்டிருந்த நான் ஏணியிலேயே சிரித்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

மறுநாள் பள்ளி விட்டதும் வகுப்பு மொத்தமும் தையல்கடை வாசலில் வந்து நின்றது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்ததில் தாய்மார்களுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. என் அக்காவின் மகளும் வந்திருந்தாள். ஒரு இடத்தில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருப்பதால் அவளுக்கு எறும்பு என்று பெயர். தாய்க்கும் அத்தைக்கும் பேச்சில்லாமல் போன பிறகும் அக்கா அவளை வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்தியதில்லை. என் மனைவியும் அவள் தலையைத் தடவுவதை நிறுத்தியதில்லை.

பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். தரையில் சிந்திய குண்டூசிகளைக் காந்தத்தால் பொறுக்குவதைப் பார்த்தார்கள். எதிர்க் கட்டடத்துக் காவலாளியின் சட்டையில் பித்தான் தொங்குவதைக் கண்டு அவரைக் கூப்பிட்டு, சட்டையைக் கழற்ற விடாமல் நின்ற நிலையிலேயே அவள் தைத்துக் கொடுத்ததைப் பார்த்தார்கள். கோபமாக வந்த ஒருத்தியின் ரவிக்கையை மறுபேச்சில்லாமல் பிரித்து மறுபடி தைத்ததையும் பார்த்தார்கள். பார்த்ததைச் செய்தார்கள். அவள் நூலை எச்சில் தொட்டு முறுக்கினால் அவர்களும் இல்லாத நூலை முறுக்கினார்கள். அவள் நாற்காலியில் உட்காரும்போது "அப்பாடா" என்பாள். சுற்றிலும் தரையில் குட்டி அப்பாடாக்கள் கேட்டன.

தையல்கடை ரோட்டின் ஒரு கோடியில், எங்கள் வீடு மறுகோடியில். நடுவில் அக்காவின் சலவைக்கடை. சண்டை வந்ததிலிருந்து என் மனைவி செருப்புக்கடை வந்ததும் ரோட்டைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போய், மருந்துக்கடை தாண்டியதும் திரும்ப இந்தப் பக்கம் வந்துவிடுவாள். ஆரம்பத்தில் வேண்டுமென்றே செய்தது. பிறகு கால்களே அதைப் பார்த்துக்கொண்டன. அது அவள் கண்ணில் படுவதே இல்லாமல் போய்விட்டது. ஒருநாள் வேலை முடிந்து நான் பின்னால் வந்தபோது பார்த்தேன். முன்னால் அவள், பின்னால் கைகோத்த வரிசை, கடைசியில் கண்ணை மூடியபடி தூங்குமூஞ்சி. செருப்புக்கடை வந்தது. வலது பார்த்தார்கள், இடது பார்த்தார்கள், மொத்தமாகக் கடந்தார்கள். சலவைக்கடைக்குள் ஆவிக்கு நடுவே அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடி நின்றாள். வரிசை அந்தப் பக்கமாகப் போய் மறையும்வரை பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் ரொம்ப உன்னிப்பா பாக்குறாங்க போல, என்றேன். நல்லதுதானே, குழம்பு போதுமா, என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கற்றதைச் சபைக்கு முன் செய்துகாட்ட வேண்டும். தாங்களே தயார் செய்திருப்பதாகவும் டீச்சர் எட்டிப் பார்க்கக் கூடாது என்றும் வக்கீல் உத்தரவு போட்டிருந்தான். அக்கா இரண்டாம் வரிசையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். என் மனைவி மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கீபோர்டுக்கு மின்சாரம் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்குக் கீழே குட்டிக் கால்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன.

திரை விலகியது. சீடர்கள் குருவைப் பார்த்துச் செய்வார்கள், நாங்கள் டீச்சரைப் பார்த்துச் செய்கிறோம் என்று வக்கீல் அறிவித்தான். குண்டூசி பொறுக்கினார்கள். காவலாளிக்குப் பித்தான் தைத்தார்கள். எல்லாரும் உட்கார்ந்து அப்பாடா என்றதில் போதகரே குலுங்கிச் சிரித்தார். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் வீட்டுக்கு நடக்கும் காட்சி. மேடையிலிருந்து இறங்கி, கைகோத்துக்கொண்டு, நடைபாதையில் வந்தார்கள். இரண்டாம் வரிசைக்குச் சற்று முன்னால் வக்கீல் நின்றான்.

"செருப்புக்கடை," என்றான்.

வலது பார்த்தார்கள், இடது பார்த்தார்கள், வரிசையாக நடைபாதையின் மறு ஓரத்துக்குப் போனார்கள்.

சிரிப்பு அப்படியே நின்றது. சபையில் எல்லாருக்கும் அந்த ரோடு தெரியும். போதகர் தன் காலணியைப் பார்க்க ஆரம்பித்தார். என் மனைவியின் முகம் வெளுத்தது. அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. வரிசையில் எறும்பு மட்டும் கடக்கவில்லை. பாதையின் நடுவில் நின்றுகொண்டு, தாயை ஒரு தடவையும் அத்தையை ஒரு தடவையும் பார்த்தாள்.

"அத்தை, இங்க அம்மா இருக்காங்க. இப்பவும் கடக்கணுமா?"

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. பாடத்தில் சந்தேகம் வந்த பிள்ளை கேட்பது போலத்தான் கேட்டாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். ஏதாவது சொல்லிச் சமாளித்து, கைதட்ட வைத்து, பிள்ளைகளை மேடைக்கு அனுப்பிவிட அவளால் முடியும். வாயில்லாதவள் இல்லை. ஆனால் அவள் நடைபாதைக்கு வந்து எறும்பின் கையைப் பிடித்தாள்.

"வேணாம்டா. டீச்சர்தான் தப்பா நடந்துட்டேன். எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க, நேரா போலாம்."

வரிசை திரும்பியது. இரண்டாம் வரிசைக்கு நேராக வந்ததும் அவள் நின்றாள். பிள்ளைகளும் நின்றார்கள். அக்கா பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"துணிய நனைக்காமத்தான் வெட்டினேன் அண்ணி. அவசரம்."

அக்கா பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். ஆனா வெந்நீர்ல போட்டது நான்தானே," என்றாள். பிறகு, "நின்னுட்டே இருக்கியே, உக்காரு."

என் மனைவி உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் வாயிலிருந்து அப்பாடா வந்துவிட்டது. பாதையில் நின்ற அத்தனை பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அப்பாடா என்றார்கள். அடக்கி வைத்திருந்த சிரிப்பு சபை முழுதும் அப்போது வெடித்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாடகம் முடிந்துவிட்டதா என்று வக்கீல் மட்டும் கவலையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து நேராகச் சலவைக்கடைக்குப் போனேன். இஸ்திரி மேஜை மேல் டீ டம்ளர்கள். மேடைத் திரை கீழே விரிந்து கிடந்தது. அடியில் எந்த நிறத்தில் துண்டு வைத்துத் தைப்பது என்று இருவரும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கவே சுகமாக இருந்தது. இந்தத் தடவை நனைத்தாயிற்றா என்றேன். உன் வேலையைப் பார் என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது. இனி எனக்குத் தூது போகும் வேலை இல்லை என்று புரிந்தது.

பிள்ளைகள் துணிமூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரம் முடிந்துவிட்டது, இனி வர வேண்டியதில்லை என்று சொன்னதை அவர்கள் ஏற்கவில்லையாம். தலைகளை நோட்டம் விட்டேன். ஒருவன் குறைந்தான். வெளியே எட்டிப் பார்த்தால், எதிர்ச்சாரியில் தூங்குமூஞ்சி தனியாக நின்றுகொண்டிருந்தான். பழைய பாடத்தின்படி செருப்புக்கடையில் பாதித் தூக்கத்தில் கடந்துவிட்டு, முன்னால் யாரையும் காணாமல் முழித்துக்கொண்டிருந்தான்.

நான் செருப்பை மாட்டுவதற்குள் பெண்கள் இருவரும் எழுந்து போய்விட்டார்கள். வலது பார்த்தார்கள், இடது பார்த்தார்கள். அவனை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு, திரையின் நிறத்தைப் பற்றி அவன் தலைக்கு மேலே வாதாடியபடியே ரோட்டைக் கடந்து வந்தார்கள்.