எலிக்குட்டிக்கு ஆகாத மருந்து

இந்தக் காலத்தில் எதைக் கேட்டாலும் பாதிப் பதில்தான் சொல்கிறார்கள். மீதியை நாமாகத் தெரிந்துகொண்டு வயிறெரிய வேண்டும்.

நான் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிறவன். கண்கூடத் திறக்காத குட்டிகளுக்கு ஊசி போடுவார்கள். பிறகு மூளையை எடுத்துச் சீவிப் பார்ப்பார்கள். "ஊசி போட்டதுல நிறைய செல் செத்துப்போயிருக்கு" என்று, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி அங்கே ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா யாரிடமோ சொன்னாள். என்ன மருந்து என்று கேட்டேன். வலிப்பு மருந்தாம்.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. இப்போது வயிற்றில் பிள்ளை.

எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். மறுநாள் காலை அவளுடைய மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் போட்டு எடுத்துவந்து, கூடத்து மருந்துப் புட்டியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். அதே பெயர். அட்டையை டாக்டரம்மா மேசைமேல் வீசினேன்.

"எலிக்கு ஆகாதது என் பொண்ணு வயித்துப் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?"

"பெரியவரே, நாங்க குடுக்கிறது ரொம்ப அதிக அளவு. எலிக்கு நடக்கிறது மனுசங்களுக்கும் அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது."

"அப்புறம் எதுக்கும்மா அதுங்களைக் கொல்றீங்க? பொழுது போகலையா?"

அவள் முகம் சிவந்தது. "நடக்குமான்னு தெரிஞ்சுக்கத்தான். சில மருந்துல ஆபத்து உண்டு, சிலதுல கம்மி. உங்க பொண்ணோட டாக்டரைக் கேளுங்க, தேவைன்னா மாத்துவார். திடீர்னு மட்டும் நிறுத்தக் கூடாது." அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இது இங்க இருக்கே, இன்னைக்குக் காலையில அவங்க எதைப் போட்டாங்க?"

வீட்டில் இருந்தது அந்த ஒரு அட்டைதான்.

"நிக்காதீங்க, ஓடுங்க!"

வீட்டில் மகள் அலமாரியையே கவிழ்த்துப்போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். அட்டையைப் பிடுங்கினாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"எலி டாக்டர் சொல்லி முடிச்சாச்சா? போன தடவை மாத்திரை போடாம வலிப்பு வந்து மாடிப்படியில விழுந்து என் பல்லு போச்சே, மறந்துட்டியா? இப்ப விழுந்தா நான் மட்டுமாப்பா விழுவேன்?"

மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட கேட்போம், நீயும் வா. இனிமே அட்டையில கை வச்சே, அப்பான்னுகூடப் பார்க்க மாட்டேன்."

"இத்தனை வருஷம் சொல்லாத டாக்டரு நாளைக்குச் சொல்லிக் கிழிச்சிடப் போறானாக்கும்!" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். விழுந்தால் பிள்ளைக்கு ஆபத்து, சரி. விழுங்கினால் ஆபத்தில்லை என்று ஒருத்தராவது வாய்விட்டுச் சொன்னார்களா? சொல்லட்டும், அப்புறம் நம்புகிறேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.