சாக்பீஸ் சமையலறை

அந்தச் சமையலறை ஆறடி நீளம், நாலரை அடி அகலம். ஒருவர் உள்ளே நின்றால் இன்னொருவர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். பதினோரு வருடமாக உள்ளே நிற்பவள் அக்கா. வாசலில் நின்று, "என்னக்கா இன்னிக்கு?" என்று கேட்டுவிட்டு ஆய்வகத்துக்கு வேலைக்கு ஓடுகிறவள் தங்கை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டே சமைப்பேன் என்று பெருமையடிப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அக்கா அப்படிப் பெருமையடித்துக்கொண்டதே இல்லை. ஏனென்றால் ஒன்பது மாதமாக அவள் ஏறக்குறைய அப்படித்தான் சமைத்துக்கொண்டிருந்தாள். எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு புகை. ஓரம் மட்டும் கொஞ்சம் தெரியும். முப்பது வருடம் தையல் ஆலையில் பட்டன் துளை தைத்த கண். தங்கைக்குத் தெரியாமல் ஒருமுறை டாக்டரிடம் போனாள். "போனது திரும்பி வராது, இருக்கிறதைக் காப்பாத்தலாம். அடுத்த தடவை வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார் அவர். வீட்டில் யாரையாவது என்றால் யாரை? அக்கா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

உப்பு டப்பாவில் ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரை டப்பாவில் இரண்டு. அடுப்பின் திருகு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று விரலே சொல்லும். எண்ணெய் காய்ந்ததைக் காது சொல்லும். நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் எல்லாம் எட்டும் அந்தப் பொந்துதான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைத்தான் மாற்றப்போகிறேன் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரி ஈரத்தில் ஊறி உளுத்துப்போனது ஒரு சாக்கு.

"உனக்காகத்தான்கா செய்யறேன். இத்தனை வருஷமா இந்தப் பொந்துல கெடந்து வேகறியே."

"எனக்கு ஒரு குறையும் இல்லடீ. அலமாரியை மட்டும் மாத்து. அடுப்பு இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்."

"பாத்தீங்களா? இப்படித்தான். இவங்களுக்கு ஒரு நல்லது பண்ணவே விடமாட்டாங்க" என்று தங்கை, வேலையைப் பார்க்க வந்திருந்த தச்சரிடம் முறையிட்டாள். அக்கா உப்பு டப்பாவின் ரப்பர் பேண்டைத் தடவிக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால் அடுப்பு போய்விடும். அடுப்பு போனால் அந்த வீட்டில் அவள் யார்? தங்கை சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி.

தச்சர் நல்ல மனுஷன், ஆனால் பிடிவாதக்காரர். காகிதத்தில் போட்ட படத்தை அவர் நம்புவதில்லை. "பேப்பர்ல எல்லாக் கிச்சனும் அரண்மனை மாதிரிதான் இருக்கும். உள்ள போய் நின்னாதான் முழங்கை இடிக்கறது தெரியும்" என்பார். அதனால் சமையலறையின் முழு அளவையும் கூடத்துத் தரையில் சாக்பீஸால் வரைந்து, சமைக்கிறவரை அதற்குள் நிற்கவைத்து, வெறும் பாத்திரத்தோடு சமைக்கச் சொல்வார். யாருக்குச் செய்தாலும் இதுதான் அவர் வழக்கம்.

கூடத்துத் தரை வெளிறிய நிறம். சாக்பீஸோ வெள்ளை. அக்காவுக்கு ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

"சொல்லிக்கிட்டே போடுங்க தம்பி. அப்பதான் எனக்கு மனசுல பதியும்" என்றாள்.

"இது வாசல், பெரியம்மா. இடது கைப்பக்கம் ஃபிரிட்ஜ். நேரா தொட்டி. வலது பக்கம் அடுப்பு."

சாக்பீஸ் கரகரவென்று இழுபடும் சத்தம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். வாசலிலிருந்து தொட்டிக்கு இரண்டு எட்டு. அங்கிருந்து வலது பக்கம் திரும்பினால் அடுப்பு.

"இப்ப ஒரு டீ போடுங்க பாப்போம்."

கையில் வெறும் பாத்திரத்தோடு போனாள். இல்லாத ஃபிரிட்ஜைத் திறந்து இல்லாத பாலை எடுத்தாள். இரண்டு எட்டு வைத்துத் தண்ணீர் பிடித்தாள். வலது பக்கம் திரும்பிப் பாத்திரத்தைத் தரையில் வைத்து, அடுப்பைப் பற்றவைப்பதுபோல் விரலைத் திருகினாள். தங்கை கைதட்டினாள். "பிரமாதம்! சர்க்கரை கம்மியா போடுக்கா" என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது மாதத்தில் முதல்முறையாக, தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்று பேருக்கும் நிஜமாகவே டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள்.

அவள் உள்ளே இருந்த நேரத்தில் தச்சர் யோசித்தார். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் அடுப்புக்கு முன்னால் நிற்பவர் முதுகில் இடிக்கும். ஈரத்துணியை எடுத்து இரண்டு கோடுகளைத் துடைத்தார். அடுப்பை நேர் எதிருக்குக் கொண்டுபோய், தொட்டியை வலது பக்கம் போட்டார். ஈரத்துணிக்கு ஏது சத்தம்?

டீயைக் குடித்து முடித்ததும், "கொஞ்சம் மாத்தியிருக்கேன் பெரியம்மா. இன்னொரு தடவை போட்டுப் பாருங்க" என்றார்.

என்ன மாற்றினீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், "பார்த்தால் தெரியாதா?" என்று தங்கை சொல்லிவிடுவாளோ என்று பயந்து அவள் வாயைத் திறக்கவில்லை. ஏதோ ஓரத்தில் ஒரு கோட்டை நகர்த்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, பழையபடியே இரண்டு எட்டு வைத்து வலது பக்கம் திரும்பிப் பாத்திரத்தை வைத்தாள். விரலைத் திருகினாள்.

"அக்கா! தொட்டிக்குள்ளயா டீ போடறே?" என்று தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அட, ஆமா!" என்று அக்காவும் சிரித்தாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், இன்னும் ஓரெட்டு வலது பக்கம் போனாள். போனது சாக்பீஸில் போட்ட சுவருக்கு வெளியே.

தங்கையின் சிரிப்பு நின்றது. எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"அக்கா, அடுப்பை எங்க வரைஞ்சிருக்கார்? தொட்டுக் காட்டு."

அக்கா குனிந்து தரையைத் தடவினாள். கைபட்ட இடத்தில் ஒன்றும் இல்லை. விரலில் சாக்பீஸ் தூள்கூட ஒட்டவில்லை.

"எத்தனை நாளா?"

"ஒன்பது மாசம்."

"ஒன்பது மாசமா? தெனமும் நீ ஆக்கி வெச்சதைத் தின்னுட்டு நான் வேலைக்குப் போயிருக்கேனே! அன்னிக்குக் கைத்துணி கருகிக் கெடந்துச்சே, இஸ்திரி பண்ணேன்னு சொன்னியே, அது?"

அக்கா வெறும் பாத்திரத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். தங்கை அழுதாள். முதலில் கோபத்தில், பிறகு பயத்தில். தச்சர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தார்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். இனிமே நான் வீட்டுல இல்லாதப்ப நீ அடுப்பைப் பத்தவைக்கக் கூடாது. சத்தியமா."

"அப்ப பகல் முழுக்க நான் எதுக்குடீ இருக்கேன்?"

தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டு தச்சரிடம் திரும்பினாள். "நான் காலையில சீக்கிரம் எழுந்து கூடவே நிக்கறேன். ரெண்டு பேர் நிக்கிற மாதிரி போட முடியுமா?"

தச்சர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "நாலரை அடியில ரெண்டு பக்கமும் மேடை போனா, நடுவுல ஒருத்தர்தான் மேடம். ரெண்டு பேருன்னா சூடான பாத்திரம் மேல இடிக்கும். நான் பொய் சொல்லக் கூடாது."

டேப்போடு சுவர்ப் பக்கம் போனார்.

"மேடை உயரம் ஒண்ணுதான் பாக்கி. சமைக்கிறவங்க முழங்கைக்கு நாலு விரல் கீழ வரணும். யாராவது ஒருத்தர் சுவரோரமா வந்து நில்லுங்க."

அக்காவின் கால் தன்னை அறியாமல் ஓரெட்டு முன்னால் போனது. அதற்குள் தங்கை அவளைத் தாண்டிச் சுவரருகே போய்விட்டாள். டேப் சரேலென்று இழுபடும் சத்தம் கேட்டது.

"முப்பத்தாறு இஞ்ச்."

தங்கை அவளைவிட ஒரு தலை உயரம். முப்பத்தாறு இஞ்ச் மேடையில் அக்கா வெங்காயம் நறுக்கினால் தோளைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். முன்னால் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "நல்ல உயரம். குனியாம வேலை செய்வா" என்றாள்.

"அக்கா..." என்றாள் தங்கை.

தச்சர் அளவைக் குறித்துக்கொண்டார். வேலையைப் பேசினால் இறுக்கம் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ, "உப்பு, மிளகு டப்பாவெல்லாம் வைக்கிற தட்டு, அடுப்புக்கு எந்தப் பக்கம் வரணும்?" என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள்.

"வலது பக்கம்" என்றாள் தங்கை.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். பதினோரு வருடமாக அவை இடது பக்கம் இருந்தன. தங்கைக்கு அது தெரியாது.