பதினேழாம் தேதி வெயில்

போர் தொடங்கிய மூன்றாம் மாதம், துறைமுகத்தில் பிடித்து நிறுத்தப்பட்ட சரக்குக் கப்பல் ஒன்றின் மேல் மட்டும் நான்கு நாளாக மழை கொட்டியது. பக்கத்துக் கப்பலில் வெக்கை தாங்காமல் ஆட்கள் சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். கப்பலின் காகிதங்கள் கடல்நீரில் ஊறிக் கூழாகிவிட்டதால், அது எந்த நாட்டுக் கப்பல் என்பதற்கு அத்தாட்சி இல்லை. நடுநிலை நாட்டுக் கப்பல் என்றார் கேப்டன். எதிரியுடையது என்றது கடற்படை. எதிரியுடையதாக இருந்தால் கப்பல் பறிமுதல், ஆட்களுக்குச் சிறை. துறைமுக அலுவலகத்தில் வானிலை எழுதும் குமாஸ்தா ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பதினோரு வருடமாக அந்தக் கப்பலில்தான் என்ஜின் பார்க்கிறான்.

கப்பல்கள் சொந்த நாட்டு வானத்தைக் கூடவே இழுத்து வருவதுண்டு என்பது விசாரித்த நீதிபதிக்குத் தெரியும். ஒரு மாதம் அளந்து எழுதச் சொன்னார். நடுநிலை நாட்டுப் பத்திரிகைகள் தபாலில் மெதுவாக வந்துசேரும், அவற்றில் அச்சான வானிலையோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். குமாஸ்தா தினமும் கப்பலேறி மழைமானியைப் பார்த்து எழுதினாள். புருஷன் குடை பிடித்தான்.

முதல் கட்டுப் பத்திரிகைகள் வந்தன. எல்லா நாளும் அப்படியே பொருந்தின, பதினேழாம் தேதி தவிர. பத்திரிகையில் கனமழை, அவள் ஏட்டில் வெயில்.

"ஒரே ஒரு வார்த்தை. மாத்திடேன்," என்றான் புருஷன்.

"அன்னிக்கு நீ மேல்தளத்துல துணி காயப் போட்ட. மறந்துட்டியா?"

"ஜெயிலுக்குப் போறது நான்தானே, நீ இல்லையே!"

குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு அவன் என்ஜின் அறைக்கு இறங்கிப் போனான். அவள் வீட்டுக்குப் போய் அழுதாள். ஆனால் பெய்யாத மழையை அவள் ஒருநாளும் எழுதியதில்லை. ஏட்டை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நீதிபதி அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மாதத்தின் மீதிப் பத்திரிகைகளும் வரட்டும் என்று தீர்ப்பை ஒத்திவைத்தார். அடுத்த கட்டுப் பத்திரிகையில், ஒரு மூலையில், பொடி எழுத்தில் ஒரு திருத்தம் இருந்தது: பதினேழாம் தேதிக்குப் பழைய வானிலைக் குறிப்பு தவறுதலாக அச்சாகிவிட்டது, அன்று நல்ல வெயில், வருந்துகிறோம்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நீ மாத்தி எழுதியிருந்தா இந்தத் திருத்தத்தோட ஒத்துப்போயிருக்காது. எதிரிக் கப்பல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்மா."

கப்பல் தன் மழையோடு கிளம்பிப் போனது. போர் முடிந்ததும் புருஷன் வீட்டோடு வந்துவிட்டான். கட்டிலில் அவன் படுக்கிற பக்கம் மட்டும் இன்றும் தூறுகிறது. காலையில் எழுந்ததும் எத்தனை மில்லிமீட்டர் என்று அவள் கேட்கிறாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறான்.